லோகாஸ்ட்: கையால் கட்டப்படும் ஸ்போர்ட்ஸ் கார்

லோகாஸ்ட் என்பது ஒருவர் தம் வீட்டுக் கொட்டகையிலேயே இரும்புக் குழாய்களை வெட்டிப் பற்றவைத்துக் கட்டிக்கொள்ளும், இருவர் அமரக்கூடிய சிறிய ஸ்போர்ட்ஸ் கார் வகையாகும். இது ஒரு நிறுவனத்தின் பெயரன்று. ஒரு செய்முறையின் பெயர். குறைந்த செலவு எனப் பொருள்படும் ஆங்கிலச் சொற்களை, லோட்டஸ் என்ற கார் நிறுவனப் பெயரின் ஒலி வருமாறு சுருக்கி வைத்த வேடிக்கைப் பெயர் இது. பிரித்தானியரான ரான் சாம்பியன் எழுதிய கையேடு 1996ஆம் ஆண்டு ஹெய்ன்ஸ் பதிப்பகத்தின் வழியாக வெளிவந்த பிறகு இவ்வகைக் கார்கள் பரவின. 250 பவுண்டு செலவிலேயே ஒரு ஸ்போர்ட்ஸ் காரைக் கட்டிவிடலாம் என்று அந்நூலின் தலைப்பு சொன்னது. பழைய உதிரிகள் மலிவாகக் கிடைத்து, கருவிகளும் கையிலிருந்து, தன் உழைப்புக்குக் கூலி போடாதவருக்கே அந்தக் கணக்கு பொருந்தும். ஆயினும் கார் என்பது தொழிற்சாலையில் மட்டுமே பிறக்கும் பொருள் என்ற எண்ணத்தை அந்தத் தலைப்பு அசைத்தது.

முன்னோடி: லோட்டஸ் செவன்

லோகாஸ்டின் தோற்றமும் அமைப்பும் லோட்டஸ் செவன் என்ற காரைத் தழுவியவை. லோட்டஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்த கொலின் சாப்மன் லண்டனில் பொறியியல் படித்தவர். பழைய ஆஸ்டின் செவன் கார் ஒன்றை அடிப்படையாகக் கொண்டு 1948இல் அவர் கட்டிய கார்தான் முதல் லோட்டஸ். அவரும் ஒரு கொட்டகையில்தான் தொடங்கினார் என்பதை லோகாஸ்ட் கட்டுபவர்கள் மகிழ்ச்சியோடு நினைவுகூர்வதுண்டு.

லோட்டஸ் செவன் 1957இல் அறிமுகமானது. அக்காலத்தில் பிரித்தானியாவில் முழுமையாகக் கட்டப்பட்ட காருக்குக் கொள்முதல் வரி உண்டு. பகுதிகளாக விற்கப்படும் காருக்கு இல்லை. எனவே வாங்குபவரே வீட்டில் பூட்டிக்கொள்ளும்படி அது பகுதிகளாக விற்கப்பட்டது. விலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. கதவு இல்லை, கூரை பெயரளவுக்கு ஒரு துணி, முன்சக்கரங்களின் மேல் தனித்தனி மட்காப்புகள் என்று வேண்டாதவை அனைத்தும் நீக்கப்பட்ட கார் அது. 1973இல் அதன் உரிமையை கேட்டர்ஹாம் நிறுவனம் பெற்று, அந்த வடிவத்தைத் தொடர்ந்து தயாரித்து வருகிறது.

எது கையால், எது வாங்கியது

கையால் கட்டிய கார் என்றால் எல்லாவற்றையும் தாமே செய்தார்கள் என்று பொருளில்லை. இயந்திரம், கியர் பெட்டி, பின் அச்சு, பிரேக், சக்கரத்தைத் தாங்கும் வார்ப்புப் பகுதிகள், ஸ்டீயரிங் ரேக் ஆகியவை ஒரு பழைய காரிலிருந்து கழற்றி எடுக்கப்படும். அதனைக் கொடையாளிக் கார் என்பர். சட்டகம், முன்சக்கரங்களைப் பிடிக்கும் கைகள், உடற்தகடுகள், இருக்கைகள், எரிபொருள் தொட்டி ஆகியவை கையால் செய்யப்படும். மின்கம்பித் தொகுதியைப் பலர் கொடையாளிக் காரிலிருந்தே எடுத்துச் சுருக்கிக்கொள்வர்.

இந்தப் பிரிவினையில் ஓர் அறிவு இருக்கிறது. வார்ப்பு, வெப்பப் பதம், நுண்ணிய கடைசல் ஆகியவை தேவைப்படும் பொருள்களைத் தொழிற்சாலை பல இலட்சம் முறை செய்து பழகியிருக்கிறது. வெட்டுதல், வளைத்தல், பற்றவைத்தல் ஆகியவற்றால் முடிகிற வேலை மட்டுமே வீட்டுக்கு வருகிறது. பிரேக் டிஸ்க்கைத் தாமே செய்ய முயல்வது துணிச்சல் ஆகாது.

சாம்பியனின் கையேடு முதன்மையாக எடுத்துக்கொண்ட கொடையாளி, போர்டு எஸ்கார்ட் காரின் பழைய வகைகள். அவற்றில் இயந்திரம் முன்னால் நெடுக்குவாட்டில் அமர்ந்து, பின்சக்கரங்களைச் சுழற்றும். 1980இல் வந்த புதிய எஸ்கார்ட், முன்சக்கரங்களை இயக்கும் காராக மாறியது. இயந்திரம் குறுக்காக அமர்ந்த அவ்வகைக் கார்களின் உறுப்புகளை இந்த நீள மூக்குச் சட்டகத்தில் நேராகப் பொருத்த முடியாது. பழைய எஸ்கார்ட்டோ சேகரிப்பாளர் தேடும் பொருளாகி விலை ஏறிவிட்டது. எனவே கிறிஸ் கிப்ஸ் 2007இல் எழுதிய அடுத்த கையேடு போர்டு சியராவைக் கொடையாளியாகக் கொண்டது. மாஸ்டா எம்எக்ஸ்-5 காரைக் கொண்டு கட்டுபவர்களும் பலர்.

சட்டகம்

காரின் உயிர்நிலை சட்டகமே. 25 மில்லிமீட்டர் சதுர இரும்புக் குழாய், ஏறத்தாழ 1.6 மில்லிமீட்டர் சுவர்க் கனம்: பெரும்பாலும் இவ்வளவுதான். நம் ஊர்களில் ஜன்னல் கம்பிக் கதவு செய்யும் பட்டறைகளில் கிடக்கும் குழாய்க்கும் இதற்கும் பார்வையில் பெரிய வேறுபாடு தெரியாது. அந்த மெல்லிய குழாய் எப்படி ஒரு காரைத் தாங்குகிறது?

விடை முக்கோணத்தில் இருக்கிறது. நான்கு குச்சிகளை முனைகளில் ஆணியடித்துச் சதுரமாக்கி ஒரு மூலையைத் தள்ளினால் அது சாய்சதுரமாகச் சரியும். மூன்று குச்சிகளாலான முக்கோணம் சரியாது. ஒரு குச்சி முறிந்தாலன்றி அதன் வடிவம் மாறாது. சட்டகத்தின் ஒவ்வொரு நாற்கரத்திலும் ஒரு மூலைவிட்டக் குழாயை வைத்தால், குழாய்களின் மீது வளைக்கும் விசைக்குப் பதிலாக இழுவிசையும் அமுக்குவிசையும் மட்டுமே விழும். மெல்லிய குழாய் இவ்விரண்டையும் நன்றாகத் தாங்கும்.

ஆனால் கார் ஒரு பாலமன்று. இயந்திரத்தை மேலிருந்து இறக்க வேண்டும். எனவே இயந்திர அறையின் மேற்புறத்தில் மூலைவிட்டம் வைக்க முடியாது. மனிதர் உள்ளே அமர வேண்டும். எனவே இருக்கைப் பகுதியும் திறந்தே கிடக்கும். லோகாஸ்ட் சட்டகம் முறுக்குக்கு நெகிழ்ந்து கொடுக்கும் இடங்கள் இவையே. இருக்கைகளுக்கு நடுவே செல்லும் சுரங்கப்பகுதி, பக்கவாட்டுத் தகடுகள், அடித்தளத் தகடு ஆகியவற்றை நன்கு பிணைத்து இக்குறையை ஓரளவு ஈடுசெய்கின்றனர். அனுபவமுள்ளவர்கள் மூல வரைபடத்தில் இல்லாத சில குழாய்களையும் சேர்ப்பதுண்டு. சட்டகம் முறுகினால், சஸ்பென்ஷன் எவ்வளவு கவனமாக அமைக்கப்பட்டிருந்தாலும் சக்கரம் சாலையில் சரியாக நிற்காது.

வேலை ஒரு தட்டையான மரப்பலகையின் மீது தொடங்குகிறது. அதில் சட்டகத்தின் அடிப்பகுதி முழு அளவில் வரையப்பட்டு, குழாய்கள் நகராதபடி கட்டைகள் அறையப்படும். முதலில் ஒவ்வொரு மூட்டிலும் பொட்டுப் பொட்டாக மட்டும் பற்றவைப்பர். சட்டகம் முழுவதும் நின்ற பின், எதிரெதிர் மூலைகளுக்கு இடையிலான தொலைவை அளப்பர். இரண்டும் சமமானால் சட்டகம் கோணலின்றி இருக்கிறது. இல்லையேல் பொட்டுகளை அறுத்துத் திருத்தலாம். முழுதாகப் பற்றவைத்த பின் திருத்த முடியாது. பற்று குளிரும்போது உலோகம் சுருங்கித் தன் பக்கமாகக் குழாயை இழுக்கும். ஒரே பக்கமாகத் தொடர்ந்து பற்றவைத்தால் சட்டகம் வாழைப்பழம்போல் வளைந்துவிடும். எனவே இங்கே சிறிது, எதிர்ப்பக்கம் சிறிது என்று மாற்றி மாற்றி வைப்பர்.

பற்றவைப்பில் கண் ஏமாற்றும். மேலே அழகாகப் படிந்த பற்று, குழாயின் உலோகத்தோடு உருகிக் கலக்காமல் ஒட்டிக்கொண்டு மட்டும் இருக்கலாம். துண்டுக் குழாய்களில் பல மூட்டுகள் செய்து, அவற்றை அறுத்தும் சம்மட்டியால் அடித்தும் பார்த்த பிறகே சட்டகத்தில் கை வைக்க வேண்டும். அப்படியும் நம்பிக்கை வராதவர்கள், பொட்டு வைத்த சட்டகத்தைத் தேர்ந்த வெல்டரிடம் கொடுத்துவிடுவது நல்லது. அதில் வெட்கப்பட ஏதுமில்லை. துத்தநாகப் பூச்சுள்ள குழாயைப் பற்றவைத்தால் நச்சுப் புகை எழும் என்பதால் பூச்சில்லாத குழாயே வேண்டும்.

சஸ்பென்ஷனும் பிரேக்கும்

முன்சக்கரம் ஒவ்வொன்றையும் மேலும் கீழுமாக இரண்டு முக்கோணக் கைகள் பிடித்திருக்கும். சட்டகத்தில் ஒரு மூட்டு தவறினால் அண்டைக் குழாய்கள் சுமையைப் பகிரக்கூடும். இந்தக் கைகளில் ஒரு மூட்டு விட்டால், ஓடும் காரிலிருந்து சக்கரம் விலகும். கொட்டகையில் செய்யப்படும் பொருள்களில் உயிரோடு நேரடியாகத் தொடர்புடையவை இவைதாம்.

புதிதாகக் கட்டுபவர் அதிகம் தடுமாறும் இடம் ஸ்டீயரிங் ரேக்கின் உயரம். பள்ளத்திலோ மேட்டிலோ சக்கரம் மேலும் கீழும் அசையும்போது, அது இரு கைகளின் நீளத்தால் அமையும் ஒரு வட்டவில்லில் நகர்கிறது. ஸ்டீயரிங் தண்டும் அதற்கு ஒத்த வில்லிலேயே நகர வேண்டும். ரேக் சில மில்லிமீட்டர் உயர்ந்தோ தாழ்ந்தோ இருந்தால் இரண்டு வில்களும் பொருந்தாமல், ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் தொடாதபோதும் சக்கரம் தானாகத் திரும்பும். மெதுவாக ஓட்டுகையில் இது தெரியாது. வேகத்தில் ஒரு மேடு ஏறும்போது தெரியும். சுருள்வில்லைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் ஏற்றி இறக்கி, அதன் கோணம் மாறுகிறதா என்று அளந்து பார்ப்பதே வழி.

கொடையாளிக் காரின் பிரேக் அதன் எடைக்கு ஏற்ப வகுக்கப்பட்டது. லோகாஸ்ட் இலேசானது, தாழ்வானது. பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் சாயும் எடை இதில் குறைவு. முன்சக்கரங்களுக்கு முன் பின்சக்கரங்கள் இறுகி நின்றால் கார் சுழன்றுவிடும். எனவே முன், பின் பங்கைச் சரிபார்த்தே ஆக வேண்டும். மிதியழுத்தத்தைப் பெருக்கும் சர்வோ பெரும்பாலும் நீக்கப்படும். இவ்வளவு இலேசான காருக்குக் கால் வலுவே போதும்.

எடை தரும் பயன்

முடிந்த கார் பொதுவாக 500 முதல் 600 கிலோ எடை இருக்கும். 550 கிலோ காரில் 100 குதிரைத்திறன் இயந்திரம் இருந்தால், அதற்கு இணையான முடுக்கம் பெற 1100 கிலோ காருக்கு 200 குதிரைத்திறன் வேண்டும். பழைய குடும்பக் காரின் சாதாரண இயந்திரம், இங்கே வந்ததும் ஸ்போர்ட்ஸ் கார் இயந்திரமாகத் தோன்றுவது இதனால்தான். ஆனால் வெளியே நீட்டிய சக்கரங்களும் செங்குத்தான கண்ணாடியும் காற்றை மோசமாக எதிர்ப்பதால் உச்சவேகத்தில் இந்தக் கார் பெரிதாகச் சாதிப்பதில்லை.

சாலைக்கு வரும் வழி

பிரித்தானியாவில் தனி ஒருவர் கட்டிய காரையும் சோதித்துப் பதிவு செய்ய முறை உண்டு. 1998இல் கட்டாயமான ஒற்றை வாகனச் சோதனைக்குப் பதிலாக 2009இல் மற்றொரு விரிவான சோதனை வந்தது. இருக்கைப்பட்டி பிணைப்பு, விளக்குகள், புகை, பிரேக் பங்கீடு எல்லாம் பார்க்கப்படும். வெளிப்புறத்தில் உடல் படக்கூடிய விளிம்புகள் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்கு மழுங்கியிருக்க வேண்டும் என்பதுவரை விதி உண்டு. பெரிய வேலைகளை முடித்தவர்கள் ஓர் ஆணித்தலைக்கு மூடி போடாததால் திரும்ப வர நேர்வதுண்டு.

இந்தியாவில் புதிய வாகன வகைகள், புனேயிலுள்ள ஏஆர்ஏஐ, சென்னைக்கு அருகே ஒரகடத்திலுள்ள ஆய்வு மையம் போன்ற இடங்களில் முன்மாதிரிச் சோதனைக்கு உட்பட வேண்டும். இந்த ஏற்பாடு தயாரிப்பாளர்களை மனத்தில் கொண்டது. கொட்டகையில் ஒரேயொரு கார் கட்டுபவருக்கு அது எட்டாது. பதிவு பெற்ற காரை உருமாற்றுவதையும் மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. ஆகவே இங்கு கையால் கட்டும் கார்களுக்குரிய இடம் மூடிய பந்தயத் தடமே.

அந்தத் தடத்தில் கோயம்புத்தூருக்குத் தனி வரலாறு உண்டு. அவ்வூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன் கட்டிய ஃபார்முலா மாருதி பந்தயக் கார், மாருதி 800 காரின் இயந்திரத்தைக் கொண்டது. அது முன்சக்கரங்களை இயக்கும் கார். அதன் இயந்திரத்தையும் கியர் பெட்டியையும் ஓட்டுநருக்குப் பின்னால் வைத்துவிட்டால் பின்சக்கரங்களை இயக்கும். கொடையாளிக் கார் என்ற அதே கருத்து இங்கே வேறொரு வழியில் பயன்பட்டது. அவர் பெயரால் அமைந்த செட்டிப்பாளையம் காரி மோட்டார் ஸ்பீட்வேயில், பொறியியல் கல்லூரி மாணவர்கள் தாமே வடிவமைத்துக் கட்டிய ஒற்றை இருக்கைக் கார்களுக்கான ஃபார்முலா பாரத் போட்டி நடந்து வருகிறது. அங்கே வேகத்துக்கு முன் சோதனைகள் வரும். காரை 60 பாகைக்குச் சாய்த்து, எரிபொருளோ எண்ணெயோ கசிகிறதா என்று பார்ப்பார்கள். பிரேக்கை மிதித்தால் நான்கு சக்கரங்களும் ஒருசேர இறுகி நிற்க வேண்டும். இவற்றில் தேறாத கார் தடத்தில் இறங்க முடியாது.