பச்சைப் புள்ளி உண்டு. கோதுமைக்கு எச்சரிக்கை இல்லை!
மும்பை மதுக்கூடங்களின் உணவுப் பட்டியலில் ஒரு விடுபடல்

மும்பை: ஓர் உணவு சைவமா, அசைவமா என்பதை மதுக்கூடத்தின் உணவுப் பட்டியலில் உள்ள சிறு குறியீடு சொல்லிவிடுகிறது. ஆனால், அதில் கோதுமை கலந்துள்ளதா என்பதைச் சொல்ல வேண்டிய சட்டக் கட்டாயம் பெரும்பாலான சிறிய மதுக்கூடங்களுக்கு இல்லை. கோதுமையை உடல் ஏற்காதவர்களுக்கு இது ருசி தொடர்பான விஷயம் அல்ல, உடல்நலம் தொடர்பானது.

தாராவி, மாதுங்கா, செம்பூர் எனத் தமிழர்கள் செறிந்து வாழும் இந்த மாநகரில், அரிசியையும் உளுந்தையும் நன்கறிந்த சமையலறைகளுக்குப் பஞ்சமில்லை. தீர்வு அங்கேதான் இருக்கிறது. பலரும் கவனிக்காத ஒரு சிக்கலும் அங்கேயே இருக்கிறது.

சீலியாக் நோய்

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம், சிலருக்குச் சிறுகுடலின் உட்சுவரைச் சிதைக்கிறது. சீலியாக் எனப்படும் இந்நோய்க்கு வாழ்நாள் முழுவதும் குளூட்டனைத் தவிர்ப்பதே சிகிச்சை. சிறிதளவு கலப்பும் தீங்கு செய்யும்.

தில்லி எய்ம்ஸ் மருத்துவர்களும் தமிழக மருத்துவர்களும் பங்கேற்று 2016-இல் வெளியான ஆய்வில், நாட்டின் மூன்று பகுதிகளில் 23 ஆயிரத்துக்கும் அதிகமானோர் பரிசோதிக்கப்பட்டனர். இந்நோய்க்கான எதிர்ப்பொருள்கள் வட இந்தியாவில் 1.23 சதவீதம் பேரிடமும், வடகிழக்கில் 0.87 சதவீதம் பேரிடமும், தெற்கில் 0.10 சதவீதம் பேரிடமும் காணப்பட்டன. நோய்க்கு இடம்தரும் மரபணுக் கூறு மூன்று பகுதிகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது. பெரிதும் வேறுபட்டது கோதுமை உண்ணும் அளவுதான்.

தலைமுறைகளாக அரிசி உண்டு வந்து, மும்பையில் சப்பாத்திக்கும் பாவ் ரொட்டிக்கும் பழகிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் சிந்திக்க வேண்டிய செய்தி இது.

பெர்மிட் ரூமும் சைவமும்

மும்பையின் மதுக்கூடங்களுக்குத் தனி வரலாறு உண்டு. 1949-ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டம், பிற்காலத்தில் பலமுறை தளர்த்தப்பட்டும், இன்றும் வேறு பெயரில் நடைமுறையில் உள்ளது. மது அருந்துவோர் அனுமதிச் சீட்டு பெற வேண்டும் என்ற விதி ஏட்டில் நீடிக்கிறது. "பெர்மிட் ரூம்" என்ற பெயர் அதிலிருந்து வந்ததே. இக்கூடங்களில் மதுவுடன் தரப்படும் நொறுக்குத் தீனிக்கு மும்பைவாசிகள் வைத்துள்ள பெயர் "சக்னா". மசாலா வேர்க்கடலை, அப்பளம், வேகவைத்த கொண்டைக்கடலை என அதில் பெரும்பகுதி சைவமே.

சைவம் என்ற சொல்லுக்கு இந்நகரில் அரசியல் கனமும் உண்டு. அசைவம் உண்போருக்கு வீடு தர மறுக்கும் குடியிருப்புகள் குறித்த புகார்கள் பழையவை. 2023-இல் பவாயில் உள்ள மும்பை ஐஐடியின் விடுதி உணவகத்தில் சைவ உணவு உண்போருக்கென மேசைகள் ஒதுக்கப்பட்டதும், அதை எதிர்த்த மாணவருக்கு ரூ. 10 ஆயிரம் அபராதம் விதிக்கப்பட்டதும் நாடு தழுவிய விவாதமாயின. 1966-இல் தொடங்கப்பட்ட சிவசேனை, தென்னிந்தியர்களுக்கு எதிராக நடத்திய இயக்கத்தில் உடுப்பி உணவகங்களும் இலக்காயின. தட்டில் இருப்பது வெறும் உணவல்ல என்பதை மும்பைத் தமிழர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இதனால் சைவம் கேட்பவரின் குரல் மதுக்கூட முதலாளியின் காதில் உடனே விழுகிறது. வெங்காயம், பூண்டு தவிர்த்த ஜைன உணவும் கேட்டால் கிடைக்கிறது. குளூட்டன் வேண்டாம் என்பவருக்குப் பின்னால் வாக்கு வங்கி இல்லை.

சைவமே சிக்கலாகும்போது...

இரண்டு தேவைகளும் ஒன்றுக்கொன்று துணை நிற்கும் எனப் பலர் கருதுகின்றனர். உண்மை வேறு. இறைச்சிக்கு மாற்றாக வரும் சைவப் பண்டங்கள் பலவற்றின் உயிர்நாடி மைதாவே. கோபி மஞ்சூரியனின் மேல்மாவில் மைதா. அதில் சேரும் சோயா சாஸிலும் பெரும்பாலும் கோதுமை. தில்லியில் புகழ்பெற்ற சோயா சாப்பில் மைதா முக்கியச் சேர்மானம். போலி இறைச்சி வகைகளில் சில, குளூட்டனைத் திரட்டியே செய்யப்படுபவை. உருளைக்கிழங்கு வறுவலில் கோதுமை இல்லை. ஆனால், சமோசா பொரித்த எண்ணெயிலேயே அதையும் பொரித்தால் பயனில்லை. பார்லியில் வடிக்கப்படும் பீரும் இவர்களுக்கு ஆகாது.

தென்னிந்தியச் சமையலறை இங்குதான் கைகொடுக்கிறது. 1940-இல் தொடங்கிய கஃபே மெட்ராஸ், 1942-இல் தொடங்கிய ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் ஆகியவை மாதுங்காவின் அடையாளங்கள். தாராவியில் அவித்த இட்லி, விடியற்காலையில் சைக்கிளில் நகரமெங்கும் செல்கிறது. இட்லி, தோசை, உளுந்து வடை, சுண்டல், குழிப்பணியாரம் ஆகியவற்றின் அடிப்படை அரிசியும் பருப்பும்தான். மராட்டியரின் சோள பாக்ரியும் கேழ்வரகும் இவ்வரிசையில் சேரும். இந்தியாவின் முன்முயற்சியால் 2023-ஐ சர்வதேச சிறுதானிய ஆண்டாக ஐ.நா. அறிவித்தது. ஆண்டு முடிந்தது, சிறுதானியம் மதுக்கூடத் தட்டுக்கு இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை.

ஆனால், எச்சரிக்கையும் தேவை. ரவா இட்லியும் ரவா தோசையும் கோதுமைப் பண்டங்களே. இவற்றைவிடக் கண்ணுக்குப் புலப்படாதது பெருங்காயம். கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில், காரத்தைத் தணிக்கவும் கட்டியாகாமல் இருக்கவும் பெரும்பாலும் கோதுமை மாவு சேர்க்கப்படுகிறது. சாம்பார், ரசம், இட்லிப் பொடி, வடை, முறுக்கு, அப்பளம் என அது நுழையாத இடமில்லை. அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் சந்தையில் கிடைக்கிறது. உறையைத் திருப்பிப் படித்து வாங்கினால் போதும்.

விதி சொல்வது என்ன?

உறையிலிட்ட உணவுகளில் சைவ, அசைவக் குறியீடுகள் 2000, 2001-ஆம் ஆண்டுகளில் கட்டாயமாயின. ஒரு கிலோவில் 20 மில்லி கிராமுக்கு மிகாமல் குளூட்டன் இருந்தால் மட்டுமே "குளூட்டன் அற்றது" என்று குறிப்பிடலாம் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி.

உணவகங்களுக்கான காட்சிப்படுத்தல் விதிகள் 2020-இல் வகுக்கப்பட்டு, 2022-இல் நடைமுறைக்கு வந்தன. கலோரி அளவுடன், குளூட்டன் உள்ள தானியங்கள், பால், வேர்க்கடலை, சோயா போன்ற ஒவ்வாமைப் பொருள்களையும் தெரிவிக்க வேண்டும் என அவை கூறுகின்றன. ஆனால், மத்திய உரிமம் பெற்ற உணவகங்களுக்கும், 10 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் கொண்டவற்றுக்கும் மட்டுமே இது பொருந்தும். செம்பூரில் ஒற்றைக் கடை நடத்தும் பெர்மிட் ரூம் இதன் வரம்புக்குள் வராது.

சிறு கடைகள் மீது கலோரிக் கணக்கைச் சுமத்த வேண்டியதில்லை. ஆனால், ஒவ்வாமைப் பொருள்களைப் பட்டியலில் குறிப்பிட ஆய்வகம் எதுவும் வேண்டாம், மை போதும். தனி எண்ணெய்ச் சட்டி, தனிக் கரண்டி, கோதுமை கலவாத பெருங்காயம், பரிமாறுவோருக்குச் சிறு பயிற்சி ஆகிய நான்கும் இருந்தால், ஐந்தாறு பண்டங்களையாவது நம்பிப் பரிந்துரைக்கலாம். இவற்றை உறுதிசெய்ய முடியாத கடைகள் "குளூட்டன் அற்றது" என எழுதாமல், "கோதுமை சேர்க்கப்படவில்லை, அதே சமையலறையில் கோதுமை கையாளப்படுகிறது" என உண்மையை எழுதுவதே நேர்மை.

விதியை வகுப்பது தில்லி. நடைமுறைப்படுத்துவது மாநிலத்தின் உணவு மற்றும் மருந்து நிர்வாகத் துறை. நம்பிக்கை சார்ந்த உணவுத் தேர்வைக் குறியீட்டால் காத்த அரசு, நோய் சார்ந்த தேவைக்கும் அதே அக்கறையைக் காட்ட வேண்டும். ஒவ்வாமை அறிவிப்பை மட்டுமாவது எல்லா உணவகங்களுக்கும் விரிவுபடுத்துவது அதற்கான முதல் படியாக அமையும்.