மலைப் பாதைக்கு ஓர் அருகிருக்கை வண்டி

மலைச்சரிவில் ஒரு காப்பித் தோட்டம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரவு பெய்த மழையில் பாதை சேறாகிக் கிடக்கிறது. மேட்டில் உள்ள செடிகளுக்கு ஐந்து மூட்டை உரம் போய்ச் சேரவேண்டும். பள்ளத்துக் குடியிருப்பிலிருந்து காய்ச்சல் கண்ட மூதாட்டி ஒருவரைத் தார்ச்சாலை வரையில் கொண்டுவர வேண்டும். கார் அங்கே இறங்காது. டிராக்டர் இறங்கினாலும் செடிகளுக்கிடையே திரும்ப இடம் போதாது. மிஞ்சுவது மனிதனின் தலையும் தோளுமே. குடகிலும் வயநாட்டிலும் மூணாற்றிலும் வாழும் தமிழன்பர்களுக்கு இக்காட்சி புதிதன்று. இந்தக் குறையைப் போக்கவல்ல ஒரு சிறு மோட்டார் வண்டியைப் பற்றியே இங்கு ஆராயப் புகுகிறோம்.

ஆங்கிலத்தில் இதற்குச் ‘சைடு-பை-சைடு’ என்று பெயர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் இதனை ‘அருகிருக்கை வண்டி’ எனலாம். இருவர் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து செல்வதே இதன் அடையாளம். இதற்கு முன் வந்த ஏ.டி.வி. என்னும் நாற்சக்கர வண்டியில் மோட்டார் சைக்கிளைப் போலக் கால்களை இருபுறமும் போட்டு அமர்ந்து, கைப்பிடியைத் திருப்பி ஓட்ட வேண்டும். அருகிருக்கை வண்டியிலோ வட்டமான ஸ்டியரிங், சாய்மானமுள்ள இருக்கை, இடுப்பு வார், தலைக்கு மேல் இரும்புச் சட்டம், பின்புறம் சுமைத் தட்டு ஆகியவை உண்டு.

இதன் மூதாதை என்று ஜீப்பைச் சொல்லலாம். இரண்டாம் உலகப் போரில் பிறந்த அவ்வண்டி, போர் முடிந்தபின் வயலுக்கும் காட்டுக்கும் வந்தது. காலப்போக்கில் ஜீப் கனத்தது, விலையும் ஏறிற்று. அதனினும் சிறிய பண்ணை வண்டி ஒன்று வேண்டியிருந்தது. 1988இல் கவாசாகி நிறுவனம் ‘மியூல்’, அதாவது கோவேறு கழுதை, என்ற பெயரில் ஒரு வண்டியை அமெரிக்கச் சந்தைக்கு அனுப்பிற்று. 1992இல் ஜான் டீயர் நிறுவனத்தின் ‘கேட்டர்’ வந்தது. பொதி சுமக்கும் பிராணியின் பெயரை முதல் வண்டிக்கு இட்டது பொருத்தமே அன்றோ?

இனி, இதனால் விளையும் நன்மைகளைக் காண்போம். முதலாவது, சுமை. பெரிய வகைகளின் பின்தட்டு ஏறத்தாழ 450 கிலோ வரை தாங்கும். உரம், தண்ணீர்ப் பீப்பாய், மருந்து தெளிக்கும் கருவி, வேலிக்கம்பம் ஆகியவற்றை ஒரே நடையில் கொண்டுசெல்லலாம். இரண்டாவது, நிலத்துக்கு நேரும் சேதம் குறைவு. டிராக்டரின் பெரும்பாரம் ஈரமண்ணை அழுத்தி இறுக்கிவிடும். இறுகிய மண்ணில் வேர் எளிதில் ஓடாது. இவ்வண்டியோ இலேசானது, அகன்ற டயர்களில் காற்றழுத்தமும் குறைவு. ஆதலால் பாரம் பரவலாக விழுகிறது. மூன்றாவது, ஓட்டுவது எளிது. பெரும்பாலான வகைகளில் கிளட்ச் மிதி கிடையாது. வேகத்துக்கும் சுமைக்கும் ஏற்ப ஒரு பெல்ட் அமைப்பு தானே ஈடுகொடுக்கிறது. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லுமாறு செய்தால் சேற்றிலும் ஏறும். நான்காவது, முழங்கால் நோவு உள்ளவரும் முதியவரும் இருக்கையில் ஏறி அமர முடியும். பக்கத்தில் ஒருவர் துணைக்கு வரமுடியும்.

இந்த நான்காவது நன்மையை நாம் அற்பமாகக் கருதுவதற்கில்லை. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த எழுபது பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் தமிழர். செய்தி மறுநாள் காலையில்தான் வெளியே எட்டிற்று. ஒரு வண்டி இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பர் என்று நாம் சொல்லவில்லை. அவ்வாறு சொல்வது பொய்யாகும். ஆனால் தொலைதூர எஸ்டேட் ஒன்றில் பாதையும் வண்டியும் உயிர்ப்பிரச்சினைகள் என்பதை அந்த இரவு நமக்கு உணர்த்திற்று.

நன்மைகளைச் சொல்லி ஆபத்தை மறைப்பது நேர்மையாகாது. அமெரிக்காவில் யமஹா ‘ரைனோ’ வண்டிகள் தொடர்பான விபத்துகளில் 46 பேர் மாண்டதாக அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2009இல் அறிவித்தது. அவ்வண்டிகள் கவிழ்ந்தவற்றுள் பல, மலைச்சரிவில் அன்று, சமதரையில் குறைந்த வேகத்தில் திரும்பும்போதே நேர்ந்தவை என்பது கவனிக்கத் தக்கது. நிறுவனம் விற்பனையை நிறுத்தி, விற்ற வண்டிகளை இலவசமாகத் திருத்தித் தரவும் முன்வந்தது. இதனால் நாம் கற்க வேண்டியது யாது? தலைக்கு மேலுள்ள இரும்புச் சட்டம், இடுப்பு வாரைப் பூட்டியவரை மட்டுமே காக்கும். பூட்டாதவர் வெளியே வீசப்பட்டு அதே சட்டத்தின் அடியில் நசுங்கக்கூடும். கவிழும் வண்டியைக் கையையோ காலையோ நீட்டித் தாங்க முயல்வது பேராபத்து. தலைக்கவசம் அவசியம். சரிவில் நேராக ஏறி நேராக இறங்குக, குறுக்கே செல்லற்க. சுமைத்தட்டில் ஆட்களை ஏற்றுவது அறவே கூடாது.

சட்டத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். பதிவு செய்யப்படாத மோட்டார் வண்டியைப் பொதுவிடத்தில் ஓட்டலாகாது என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் விதிக்கிறது. தோட்டத்துக்கென்று வாங்கிய வண்டியைக் கடைத்தெருவுக்கு எடுத்துச் செல்லலாம் என்று எண்ணிவிட வேண்டாம். பணம் கொடுக்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரிப்பதே விவேகம்.

யார் வாங்கலாம்? இரண்டு ஏக்கர் சமநிலம் உடையவருக்கு இது வீண்செலவு. வாடகை டிராக்டரே போதும். சரிவான நிலமும் அன்றாடச் சுமையும் உடையவருக்கு இது பயன்படும். தனியொருவரால் இயலாதெனில், அண்டை அயலார் ஐந்தாறு பேர் கூடி ஒரு வண்டியை வாங்கி முறைவைத்துப் பயன்படுத்தலாம். ஓட்டப் பழகியவர் இன்னார், சாவி இருக்குமிடம் இன்னது என்பது குடியிருப்பில் உள்ள அனைவருக்கும் தெரிந்திருக்கட்டும். உரமூட்டைக்காக வாங்கிய வண்டி, நள்ளிரவில் ஒரு பிரசவ வலிக்கும் உதவுமானால், அதற்குக் கொடுத்த விலை வீணாகாது.