கட்டக் காகிதத்தில் பிறந்த வீடுகள்

ஒரே அச்சில் வார்த்தாற்போல நிற்கும் அரசாங்கக் குடியிருப்புகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சமையலறை எந்தப் பக்கம், சன்னல் எந்தப் பக்கம் என்று அவற்றில் வாழப்போகிறவர்களை யாரும் கேட்பதில்லை. கேட்டால்தான் என்ன? இலண்டனின் லூவிஷம் பகுதியில் கேட்டார்கள்.

அங்கு நகராட்சியிடம் சில துண்டு நிலங்கள் கிடந்தன. சரிவானவை, மண்ணும் உறுதியற்றது. வழக்கமான கட்டடத்திற்கு உதவாது என ஒதுக்கப்பட்டவை. அவற்றில், வீட்டுக்காகக் காத்திருந்த குடும்பங்களே தங்கள் வீட்டைக் கட்டிக்கொள்ளலாம் என்று 1976இல் முடிவாயிற்று. முறையைத் தந்தவர் பெர்லினில் பிறந்த கட்டடக் கலைஞர் வால்ட்டர் சீகல் (1907–1985).

1960களின் தொடக்கத்தில், தம் பழைய வீட்டை இடித்துக் கட்டும்வரை குடும்பம் தங்குவதற்காகச் சீகல் தோட்டத்தில் ஒரு தற்காலிக வீடு போட்டார். இரண்டு வாரத்தில் முடிந்தது. செலவு சுமார் 800 பவுன். அந்தத் ‘தற்காலிக’ வீடு பல்லாண்டுகள் நிலைத்து நின்றது!

அதன் சூட்சுமம் என்ன? செங்கல் வீட்டில் சுவரே கூரையைத் தாங்குகிறது. அதை எடுத்தால் கூரை விழும். சீகல் வீட்டிலோ பாரம் முழுவதும் உத்தரங்கள் வழியாக மரத்தூண்களில் இறங்குகிறது. சுவர் வெறும் திரை. ஆகவே அதை வேண்டிய இடத்தில் வைக்கலாம். பின்னர் கழற்றி மாற்றவும் செய்யலாம். தூண் நிற்கும் இடங்களில் மட்டும் குழி தோண்டிக் கான்கிரீட் இட்டால் போதும். நிலத்தைச் சமப்படுத்த வேண்டியதில்லை. சரிவுக்கேற்பத் தூணின் உயரம் கூடும், குறையும். சுவர்ப் பலகைகளைக் கடையில் கிடைக்கும் அளவிலேயே பொருத்துவார்கள். சாந்துப் பூச்சு கிடையாது. எல்லாம் போல்ட்டும் திருகாணியுமே. செங்கல்லை மட்டம் பிசகாமல் அடுக்குவதற்குப் பல ஆண்டுப் பழக்கம் வேண்டும். போல்ட்டை முடுக்க ஒரு மாலைப்பொழுது போதும்.

குலுக்கலில் 14 குடும்பங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. பலகையின் அகலத்தையே அளவாகக் கொண்ட கட்டக் காகிதத்தில் அவர்கள் தத்தம் வீட்டை வரைந்தார்கள். வரைபடம் போட்டுப் பழகாதவர்களுக்கும் அது கைவந்தது. ஒருவர் வீடு போல மற்றவர் வீடு அமையவில்லை.

ஆனால், ஒப்புதல்களுக்காகக் காத்திருந்தே காலம் கழிந்தது. வேலை தொடங்கியது 1979இல்தான். இரண்டு வாரத்தில் வீடு போட்ட முறைக்கு மூன்றாண்டுக் காத்திருப்பு!

அடுத்த கட்டமாக எழுந்த 13 வீடுகள் சீகல் மறைந்தபின் 1987இல் நிறைவுற்றன. அத்தெரு அவர் பெயரால் ‘வால்ட்டர்ஸ் வே’ எனப்படுகிறது. அன்றைய சுவர்கள் இன்றைய அளவுகோலின்படி குளிரைப் போதிய அளவு தடுப்பவை அல்ல. எனவே குடியிருப்போர் சிலர் சுவர்களுக்குள் கூடுதல் காப்புப் பொருளைச் சேர்த்திருக்கிறார்கள். சிலர் புதிய அறைகளையும் இணைத்திருக்கிறார்கள்.