தண்ணீர் யார் பக்கம்? – 11
கேப்டவுனின் இருபத்தைந்து லிட்டர்

2018 ஜனவரி முதல் வாரம். விராட் கோலி தலைமையிலான இந்திய அணி, தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் முதல் டெஸ்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. பும்ராவுக்கு அது அறிமுக டெஸ்ட். நியூலண்ட்ஸ் ஆடுகளத்தில் பந்து எப்படி எகிறும் என்று இங்கே பட்டிமன்றம் நடந்துகொண்டிருந்த நேரத்தில், அங்கே வீரர்களுக்கு வேறொரு அறிவுரை போனது. ஷவருக்கடியில் இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம்! மைதானத்துக்குத் தண்ணீர் விடுவதிலும் கட்டுப்பாடு. அப்படிப்பட்ட ஊரில், அந்த டெஸ்டின் மூன்றாம் நாள் ஒரு பந்துகூட வீசப்படாமல் மழையில் போனதுதான் வேடிக்கை.

ஒரு நாள் மழை அணையை நிரப்பிவிடாது. நான்காம் நாளில் இந்தியா 72 ரன்களில் தோற்றது. அடுத்த பத்து நாட்களில் நகரத்தின் மேயர் பாட்ரீசியா டி லீல் பத்திரிகையாளர்களைக் கூட்டி, திரும்பிப்போக முடியாத கட்டத்துக்கு வந்துவிட்டோம் என்று அறிவித்தார். ஏப்ரல் 21ஆம் தேதி வாக்கில் வீட்டுக்குழாய்கள் மூடப்படும். அந்த நாளுக்கு ‘டே ஜீரோ’ என்று பெயர்.

சென்ற வாரம் பார்த்த கொச்சபம்பா நகரில் குடிநீர் விநியோகம் தனியார் கைக்குப் போனதுதான் பிரச்சினையின் வேர். கேப்டவுனில் அப்படி எதுவும் நடக்கவில்லை. குழாய், மீட்டர், பில் எல்லாமே மாநகராட்சியுடையவை. போதாக்குறைக்கு, தென்னாப்பிரிக்க அரசியல் சாசனத்தின் 27ஆவது பிரிவு, போதுமான உணவையும் தண்ணீரையும் ஒவ்வொருவரின் உரிமையாகவே எழுதிவைத்திருக்கிறது. பிறகு எங்கே இடித்தது?

முதலில் வானம். கேப்டவுன் குளிர்கால மழையை நம்பிய ஊர். 2015, 2016, 2017 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அந்த மழை பொய்த்தது. இப்படியொரு வறட்சி வருவதற்கான வாய்ப்பைப் பருவநிலை மாற்றம் ஏறத்தாழ மூன்று மடங்காக்கியிருக்கிறது என்று விஞ்ஞானிகள் பின்னர் கணக்கிட்டார்கள். நகரத்துக்குத் தண்ணீர் தரும் ஆறு பெரிய அணைகளில் மிகப் பெரியது தீவாட்டர்ஸ்க்லூஃப். அதன் கொள்ளளவு 48 கோடி கன மீட்டர், நம் கணக்கில் சுமார் 17 டி.எம்.சி. நகரத்தின் மொத்தச் சேமிப்பில் பாதிக்கும் மேல் இந்த ஒரே அணையில். 2018 தொடக்கத்தில் அதன் பெரும்பகுதியில் தண்ணீருக்குப் பதில் மணல் பறந்துகொண்டிருந்தது.

அணைகளின் மொத்த இருப்பு 13.5 சதவீதத்தைத் தொட்டால் டே ஜீரோ. அதன் பிறகு நகரமெங்கும் சுமார் 200 விநியோக மையங்கள் திறக்கப்படும். மக்கள் கேனும் பாட்டிலுமாக வந்து வரிசையில் நிற்க வேண்டும். தலைக்கு ஒரு நாளைக்கு 25 லிட்டர். சுமார் 40 லட்சம் பேர் வாழும் நகரத்தில் ஒரு மையத்துக்கு 20,000 பேர் என்று கணக்கு வந்தது. போலீஸும் ராணுவமும் காவலுக்கு நிற்கும் என்றார்கள்.

நகரம் மிரண்டுபோனது. பிப்ரவரி 1 முதல் ஒருவருக்கு 50 லிட்டர்தான் என்று உச்சவரம்பு வந்தது. ஷவருக்கடியில் பக்கெட் வைத்துப் பிடித்த தண்ணீர் கழிவறைக்குப் போனது. ஓட்டல்கள் குளியல் தொட்டியின் அடைப்பானைக் கழற்றி வைத்தன. எந்த வீடு வரம்புக்குள் இருக்கிறது என்பதைப் பச்சைப் புள்ளியால் காட்டும் வரைபடத்தை மாநகராட்சி இணையத்தில் போட்டது. மலையடிவாரத்து நியூலண்ட்ஸ் ஊற்றில் இரவிலும் கேன்களோடு வரிசை நின்றது. இரண்டாம் உலகப் போருக்கும், நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்கும் பிறகு உலகின் எந்தப் பெருநகரமும் சந்திக்காத சவால் இது என்று மாகாண முதல்வர் ஹெலன் ஸில் எழுதினார்.

அவர் பேரழிவாகச் சொன்னது எதை? வீட்டுக்கு வெளியே போய், பொதுக்குழாயில் வரிசையில் நின்று, தலைக்கு 25 லிட்டர் பிடித்துவருவதை.

இந்த 25 லிட்டர் வானத்திலிருந்து விழுந்த எண் அல்ல. 1994இல் நிறவெறி ஆட்சி வீழ்ந்து மண்டேலா அரசு பொறுப்பேற்றபோது, ஒரு கோடிக்கும் மேற்பட்ட கறுப்பின மக்களுக்கு அருகில் குழாயே இல்லை. புதிய அரசு ஒரு குறைந்தபட்ச அளவை நிர்ணயித்தது. வீட்டிலிருந்து 200 மீட்டருக்குள் ஒரு குழாய், ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 லிட்டர். 2000இல் க்வாஸூலு-நட்டால் மாகாணத்தில், இலவசக் குழாய்களை நிறுத்திவிட்டுப் பணம் கட்டினால்தான் தண்ணீர் என்று ஆக்கியதும், ஏழைகள் ஆற்றுத் தண்ணீருக்குப் போனார்கள். காலரா வெடித்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். அதன் பிறகுதான் 2001இல் இலவச அடிப்படைத் தண்ணீர்த் திட்டம் வந்தது. குடும்பத்துக்கு மாதம் 6,000 லிட்டர். எட்டுப் பேர் கொண்ட குடும்பம், ஆளுக்கு 25 லிட்டர், 30 நாட்கள் என்று பெருக்கினால் 6,000 வந்துவிடும்.

ஆக, கேப்டவுனின் வசதியான வீடுகளை நடுங்கவைத்த டே ஜீரோ, குடிசைவாசிகளுக்குப் பல ஆண்டுகளாக அரசே ‘போதும்’ என்று வகுத்துக்கொடுத்த அளவு. இதில் இன்னொரு விசித்திரம் உண்டு. டே ஜீரோ வந்தாலும் குடிசைப் பகுதிகளின் பொதுக்குழாய்களை மூடப்போவதில்லை என்று மாநகராட்சி சொல்லியிருந்தது. மூடினால் நோய் பரவும். தவிர, அங்கே மூடி மிச்சம்பிடிக்கவும் பெரிதாக எதுவும் இருக்கவில்லை.

யார் எங்கே குடியிருப்பது என்பதை இந்த நகரத்தில் சட்டம் எழுதியது. 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டம், ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு பகுதி என்று ஊரைக் கோடு கிழித்துப் பிரித்தது. டேபிள் மலையின் சரிவு, ஊற்றுகள், மரநிழல் எல்லாம் வெள்ளையர் பக்கம் போயின. கிரிக்கெட் மைதானம் இருக்கும் நியூலண்ட்ஸிலிருந்தே கலப்பினக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அப்படி விரட்டப்பட்டவர்களுக்கு ஒதுக்கப்பட்டது ‘கேப் ஃப்ளாட்ஸ்’ எனும் காற்று வீசும் மணல்வெளி. 1980களில் கறுப்பின மக்களுக்காக அங்கே உருவாக்கப்பட்ட கயலிட்ஷா இன்று பல லட்சம் பேர் வாழும் இடம். அதில் தகரக் கொட்டகைகள் ஏராளம். பல குடும்பங்களுக்கு ஒரு குழாய், ஒரு கழிவறை. குழுப் பகுதிச் சட்டம் 1991இல் ரத்தானது. பூமிக்கடியில் போட்ட குழாய்களின் பாதை அப்படியே இருந்தது.

இந்த ஏற்றத்தாழ்வுக்கு எண்ணைக் கொடுத்தது 2023இல் வெளியான ஓர் ஆய்வு. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலிஸா சவெல்லியும் அவரது சகாக்களும் ‘நேச்சர் சஸ்டைனபிலிட்டி’ இதழில் அதை எழுதினார்கள். அவர்களது மாதிரிக் கணக்கின்படி, கேப்டவுனின் பெரும் பணக்கார வீடு ஒன்று நாளொன்றுக்குச் சராசரியாக 2,161 லிட்டர் செலவழித்தது. குடிசை வீடு 41 லிட்டர். ஒரு ஆளுக்கல்ல, மொத்த வீட்டுக்கும்! மக்கள்தொகையில் 14 சதவீதத்துக்கும் குறைவான பணக்கார, மேல்நடுத்தர வீட்டார் நகரத்து வீட்டுத் தண்ணீரில் 51 சதவீதத்தை எடுத்துக்கொண்டார்கள். 60 சதவீதத்துக்கும் மேலிருந்த ஏழைகளுக்குக் கிடைத்தது 27 சதவீதம். பணக்கார வீடுகளின் தண்ணீரில் பெரும்பகுதி குடிக்கவோ சமைக்கவோ போகவில்லை. புல்தரை, நீச்சல் குளம், கார் கழுவுதல் என்று போனது. மக்கள்தொகைப் பெருக்கமோ பருவநிலை மாற்றமோ தரக்கூடிய அழுத்தத்துக்கு இந்தச் செலவும் சளைத்ததல்ல என்பது ஆய்வாளர்களின் முடிவு.

டே ஜீரோ வரவில்லை. தேதி மே மாதத்துக்கும், ஜூனுக்கும், ஜூலைக்கும் தள்ளிப்போய் கடைசியில் கைவிடப்பட்டது. வறட்சிக்கு முன் நாளொன்றுக்கு 120 கோடி லிட்டராக இருந்த நகரத்தின் பயன்பாடு 50 கோடி லிட்டர் அளவுக்கு இறங்கியிருந்தது. உலகமே பாராட்டிய சாதனை அது. அதில் வசதியான வீடுகளின் பங்கு பெரியது. புல்தரையைக் காயவிட்டார்கள், குளத்தை மூடினார்கள். குறைப்பதற்கு அவர்களிடம் நிறைய இருந்தது. 41 லிட்டர் வீட்டில் குறைத்தால் துணி துவைப்பதும் குளிப்பதும்தான் குறையும்.

சிக்கனத்துக்கு இன்னொரு வழியும் இருந்தது. கான்ஸ்டான்ஷியா, பிஷப்ஸ்கோர்ட் போன்ற பணக்காரப் பகுதிகளில் போர்வெல் வண்டிகளுக்கு ஓய்வில்லை. போர்த் தண்ணீர் மாநகராட்சி மீட்டரில் ஏறாது. ‘இது போர்த் தண்ணீர்’ என்று வாசலில் பலகை மாட்டிவிட்டால் தோட்டம் பச்சையாக இருப்பதற்குக் கேள்வியும் இருக்காது. நிலத்தடி நீர் எல்லோருக்கும் பொதுவானது. அதை எட்டும் குழாய், போர் போடக் காசு உள்ளவருக்கு மட்டும்.

நகரத்துக்கு வெளியே, ஆப்பிள் விளையும் எல்கின் பகுதி விவசாயிகள் தங்கள் அணைகளில் மிச்சமிருந்த ஆயிரம் கோடி லிட்டரை 2018 பிப்ரவரியில் நகரத்துக்குத் திறந்துவிட்டார்கள். அந்த மாகாணத்தின் திராட்சையும் ஆப்பிளும் ஒயினும் ஐரோப்பியச் சந்தைக்குப் போகிறவை. பாசனத் தண்ணீர் வெட்டப்பட்டதும் விளைச்சல் குறைந்தது. பருவகாலக் கூலிகளாக அறுவடைக்குப் போகிறவர்களின் வேலை நாட்களும் குறைந்தன. நகரத்து நீச்சல் குளங்களுக்கும் அவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வறட்சியின் பில்லில் அவர்கள் பங்கும் சேர்ந்துகொண்டது.

நிஜமான பில்லும் வந்தது. தண்ணீர் அதிகம் செலவழிப்பவரிடம் அதிகக் கட்டணம் வாங்கி, அதைக்கொண்டு ஏழைகளுக்கு மலிவாகத் தருவதுதான் மாநகராட்சியின் ஏற்பாடு. பணக்காரர்கள் சிக்கனமானதும் வருமானம் சரிந்தது. சொத்து மதிப்பை வைத்து வறட்சிக் கட்டணம் வாங்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. பெரிய வீட்டுக்காரர் அதிகம் கட்டியிருப்பார். ஆயிரக்கணக்கான ஆட்சேபங்கள் குவிந்து, 2018 ஜனவரியிலேயே அது கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக ஜூலை முதல் குழாய் இணைப்பின் அளவை வைத்து ஒரு நிலையான மாதக் கட்டணம் வந்தது. ஒரு சொட்டுச் செலவழிக்காவிட்டாலும் அதைக் கட்ட வேண்டியிருந்தது. 2020இல் அணைகள் நிரம்பின. கட்டணம் வடியவில்லை.

பாக்கி வைத்த ஏழை வீடுகளில் வறட்சிக்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே ஒரு கருவி பொருத்தப்பட்டிருந்தது. நாளொன்றுக்கு 350 லிட்டர் ஓடியதும் அது தானாக மூடிக்கொள்ளும். மறுநாள்தான் திறக்கும். கொல்லைப்புறத்தில் தகரக் கொட்டகை போட்டு வாடகைக்கு விட்டிருந்த வீடுகளில், மூன்று நான்கு குடும்பங்கள் அந்த 350ஐப் பங்குபோட்டுக்கொண்டன. இவர்களுக்குத் தினமும் ஒரு டே ஜீரோ.

ஆளுக்கு எத்தனை லிட்டர் என்ற கேள்வி அந்த நாட்டின் உச்ச நீதி அமைப்பு வரை போயிருக்கிறது. ஜோஹன்னஸ்பர்க் நகரின் சொவெட்டோவில் ஃபிரி என்ற பகுதியில் ப்ரீபெய்டு மீட்டர் பொருத்தினார்கள். காசு தீர்ந்தால் தண்ணீர் நிற்கும். குடியிருப்போர் வழக்குப் போட்டார்கள். பணக்கார வெள்ளையர் பகுதிகளுக்குக் கடனில் தண்ணீர், ஃபிரிக்கு முன்பணத்தில் தண்ணீரா என்று கேட்ட உயர் நீதிமன்ற நீதிபதி, 2008இல் ஆளுக்கு 50 லிட்டர் இலவசமாகத் தர உத்தரவிட்டார். மேல்முறையீட்டில் அது 42 லிட்டராகக் குறைந்தது. 2009 அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றம் இரண்டையும் தள்ளுபடி செய்தது. ‘போதுமான’ அளவு எவ்வளவு என்று நீதிமன்றம் லிட்டர் கணக்குச் சொல்வது பொருத்தமில்லை, நகராட்சியின் கொள்கை நியாயமானதுதான் என்று தீர்ப்பளித்தது. ஃபிரியில் ப்ரீபெய்டு மீட்டர் தொடர்ந்தது.

அந்த மீட்டர் வழியே ஓடும் தண்ணீரில் ஒரு பகுதி தென்னாப்பிரிக்காவுடையதே அல்ல. நாற்புறமும் தென்னாப்பிரிக்காவால் சூழப்பட்ட லெசோத்தோ என்ற குட்டி மலைநாட்டிலிருந்து, மலைகளைக் குடைந்த சுரங்கப்பாதை வழியாக அது வருகிறது. 1986இல், அந்த நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த அதே ஆண்டில், நிறவெறி அரசு போட்டுக்கொண்ட ஒப்பந்தம் அது. அதற்காகக் கட்டிய காட்ஸே அணையின் உயரம் 185 மீட்டர். தன் தண்ணீரை விற்கும் அந்த மலைநாட்டின் கிராமங்களுக்கு என்ன கிடைத்தது என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)