ஊத்தா: வற்றும் கண்மாயின் மீன்பிடி கருவி

மதுரை மாவட்டத்தின் மேலூர், கொட்டாம்பட்டி வட்டாரங்களிலும் அவற்றை ஒட்டிய நத்தம், சிங்கம்புணரிப் பகுதிகளிலும், கோடையில் கண்மாய் வற்றும்போது ஊரார் ஒன்றுகூடி மீன் பிடிக்கும் வழக்கம் இன்றும் உண்டு. அந்த மீன்பிடியின் முதன்மைக் கருவி ஊத்தா. மூங்கிலைப் பிளந்து சீவிய சிம்புகளை வளையங்களில் வரிசையாகப் பிணைத்து, கீழே அகன்றும் மேலே குறுகியும் இருக்குமாறு செய்யப்படும் இந்தக் கூடைக்கு அடிப்பாகம் கிடையாது. மேல்வாய் ஒரு கை தாராளமாக நுழையும் அளவுக்குத் திறந்திருக்கும். சிம்புகளின் கீழ்முனைகள் கடைசி வளையத்தைத் தாண்டி நீண்டு, சேற்றில் இறங்குவதற்கு ஏற்றவாறு கூராக்கப்பட்டிருக்கும். இரை, தூண்டில், முடிச்சு எதுவும் இதற்குத் தேவையில்லை.

மீன் இருக்கும் என்று கருதும் இடத்தில் ஊத்தாவை வேகமாகக் குத்தி நிறுத்த வேண்டும். உள்ளே மீன் அகப்பட்டால், அது தப்ப முயன்று சிம்புகளில் மோதும் அதிர்வு மேல்வாயைப் பிடித்திருக்கும் கைக்கு உடனே தெரியும். பிறகு ஒரு கையால் கூடையை அழுத்திக்கொண்டு, மறு கையை வாய் வழியாக உள்ளே விட்டுத் துழாவி மீனை எடுக்க வேண்டும். வலையில் சிக்கிய மீனைக் கண் பார்க்கிறது, ஊத்தாவில் அகப்பட்ட மீனைக் கைதான் அறிகிறது. தேர்ந்தவர்கள் மோதும் விதத்தைக் கொண்டே உள்ளிருப்பது விராலா கெண்டையா என்று சொல்லிவிடுவார்கள் என்பது கிராமங்களில் பெருமையாகப் பேசப்படும் செய்தி. இந்தத் தேர்ச்சியில் தற்காப்பும் அடங்கியிருக்கிறது. கெளுத்தியின் முள் கையைக் கிழிக்கும், தேளியின் முள்ளோ நஞ்சுள்ளது, குத்தினால் கடுமையாக வலிக்கும். சில வேளை உள்ளே இருப்பது தண்ணீர்ப்பாம்பாகவும் இருக்கலாம்.

இவ்வளவு எளிய கருவி ஏன் கோடையில் மட்டும் பயன்படுகிறது என்பதற்கு விடை கண்மாயின் அமைப்பில் இருக்கிறது. பாண்டிய நாட்டுச் சமவெளியில் ஏரிக்கு வழங்கும் பெயரே கண்மாய். சரிவான நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் வளைவாக மண்கரை எழுப்பி, பாசனத்துக்கு நீரை விடும் மடையும், மிகை நீர் வழிந்தோடும் கலுங்கும் அமைத்து, ஒரு கண்மாயின் வழிநீர் அடுத்ததை நிரப்புமாறு தொடர்தொடராக இவை வெட்டப்பட்டன. 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையின் நீரைக் கால்வாய் வழியே பெறும் கண்மாய்கள் ஒரு வகை. வடகிழக்குப் பருவமழையை மட்டுமே நம்பிய மானாவாரிக் கண்மாய்கள் மற்றொரு வகை. ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பும் நீர் நெல்லுக்குப் பாய்ந்து தீரத் தீர, பரப்பு சுருங்கி, கரைக்கு மண் எடுத்த பள்ளங்களிலும் மடையை ஒட்டிய தாழ்விலும் மட்டுமே தண்ணீர் எஞ்சுகிறது. நீர் ஊத்தாவின் உயரத்தைவிட ஆழமாக இருந்தால் மீன் மேல்வாய் வழியே வெளியேறிவிடும். முற்றிலும் வற்றிச் சேறு இறுகிவிட்டால் கூடை இறங்காது. முழங்காலுக்கும் தொடைக்கும் இடைப்பட்ட ஆழம் நிலவும் சில நாட்கள்தான் இந்தக் கருவியின் பருவம்.

கண்மாயின் மேடு பள்ளத்தையும் மடைக்குழியையும் ஆண்டு முழுவதும் பார்த்துப் பழகிய ஊர்ப் பெரியவர்களே அந்தச் சில நாட்களுக்குள் மீன்பிடிக்கும் நாளைக் குறிக்கிறார்கள்.

கண்மாயில் எஞ்சிய ஆழமற்ற, சூடேறிய, கலங்கிய நீரில் உயிர்வளி மிகக் குறைவாகவே கரைந்திருக்கும். வளர்ப்புக்காக விடப்படும் கட்லா, ரோகு, மிர்கால் போன்ற பெருங்கெண்டைகள் செவுள்களை மட்டுமே நம்பி வாழ்பவை. சேறு கலங்கிச் செவுளில் படிந்ததும் அவை திணறி மேலே வருகின்றன, எளிதில் அகப்படுகின்றன. விரால் அப்படிப்பட்டதன்று. அதன் செவுள்களுக்கு மேலே, நுண்ணிய இரத்தக் குழாய்கள் நிறைந்த ஓர் அறை இருக்கிறது. அவ்வப்போது நீர்மட்டத்துக்கு வந்து வாயால் காற்றை எடுத்து அதில் நிரப்பிக்கொள்ளும் இந்த மீன், மேலே வர முடியாதபடி தடுக்கப்பட்டால் நீருக்குள்ளேயே மூச்சுத் திணறி இறந்துவிடும். குரவையும் தேளியும் இவ்வாறு காற்றைச் சுவாசிப்பவையே. பனையேறிக் கெண்டை செவுள்மூடியின் முட்களை ஊன்றித் தரையில் நகரவும் வல்லது. தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ்காரரான டால்டார்ஃப், 1791-இல் அதைப் பனைமரத்தில் ஏறும் நிலையில் பிடித்ததாக, 1797-இல் லண்டன் லின்னேயன் கழகத்துக்கு எழுதினார். அது மரமேறியதா, பறவை தூக்கிவந்து மரத்தில் போட்டதா என்ற ஐயம் அறிஞர்களிடையே பின்னர் எழுந்தாலும், அந்தக் கெண்டையின் பெயர் மாறவில்லை.

நீர் வற்றும்போது விரால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து, தோல் காயாமல் இருக்கும்வரை அங்கேயே உயிரோடு கிடக்கிறது. இழுவலை வரும்போதும் அது செய்வது இதைத்தான்: சேற்றில் இறங்கிவிடுகிறது, வலையின் அடிக்கயிறு அதன்மேல் கடந்து போகிறது. சேற்றுக்குள்ளேயே குத்தி இறங்கும் ஊத்தாவிடமோ இந்தத் தந்திரம் பலிப்பதில்லை. வலைக்குத் தப்பும் மீனைப் பிடிக்க வலையைவிட எளிய கருவி போதுமாக இருப்பது, இந்தக் கைவினையில் வியந்து கவனிக்க வேண்டிய செய்தி.

ஆனால் தனி ஒருவர் கையில் ஊத்தா திறமையற்ற கருவி. ஒரு குத்தில் அது மூடும் பரப்பு சில சதுர அடிகளே. பெரிய கண்மாயில் ஒரே ஆள் பகல் முழுவதும் குத்தினாலும் வெறுங்கையோடு திரும்ப நேரலாம். நூற்றுக்கணக்கானோர் ஒரே வேளையில் இறங்கும்போது கணக்கு மாறுகிறது: ஒருவரின் கூடைக்கு அஞ்சி விலகும் மீன் அடுத்தவரின் கூடைக்கடியில் போய்ச் சேருகிறது, கால்கள் கிளப்பும் சேறு அதன் பார்வையை மறைக்கிறது. எனவே எல்லோரும் ஒன்றாக இறங்குவது இந்தக் கருவி விதிக்கும் நிபந்தனையும் ஆகும். கண்மாயை எல்லோருக்கும் திறந்துவிடும் இந்த நாளை அழிகண்மாய் என்று குறிப்பிடுவதும் உண்டு.

விடியும் முன்பே பக்கத்து ஊர்க்காரர்கள் ஊத்தாவை இருசக்கர வாகனங்களிலும் சரக்கு வண்டிகளிலும் கட்டிக்கொண்டு வந்து கரையில் நிற்பார்கள். முன்பு தண்டோராவால் பரவிய செய்தி இப்போது கைப்பேசியில் பரவுகிறது. ஊர்ப் பெரியவர்கள் கரைத் தெய்வத்தை வணங்கி, வெள்ளைத் துண்டை வீசியதும் கூட்டம் நீரில் பாயும். ஊத்தா இல்லாதவர்கள் கச்சா, தூரி முதலிய மீன்பிடி கருவிகளோடும், பழைய சேலையோடும் கொசுவலையோடும்கூட இறங்குவதுண்டு. பெரும்பாலும் சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. கிடைத்த மீனை விற்காமல் வீட்டில் சமைத்து உறவினருக்கும் கொடுக்க வேண்டும், அப்படிச் செய்தால் அடுத்த ஆண்டு மழை பொய்க்காது என்பது ஊர்களின் நம்பிக்கை.

இத்தகைய நாளுக்கு முன்நிபந்தனை, மீன்பாசி ஏலம் என்று வழங்கும் மீன்பிடி உரிமையின் குத்தகை இல்லாதிருப்பது, அல்லது குத்தகைதாரர் தம் பிடிப்பை முடித்துவிட்டிருப்பது. ஏலம் எடுத்தவர் குஞ்சு விட்டு வளர்த்த கண்மாயில் ஊரார் இறங்கினால் தகராறுதான். 40 ஹெக்டேருக்குக் குறைந்த பாசனப் பரப்புடைய சிறு கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பிலும் பெரியவை நீர்வளத் துறையின் பொறுப்பிலும் இருப்பதால், யாரிடம் இசைவு பெறுவது என்பதும் கண்மாய்க்குக் கண்மாய் வேறுபடுகிறது.

ஊத்தா தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. அசாமிலும் வங்கதேசத்திலும் பொலோ என்ற பெயரில் இதே வடிவக் கூடை இருக்கிறது. அங்கும் குளிர்காலத்தில் நீர் தாழ்ந்த சதுப்புகளில் ஊரார் கூட்டமாக இறங்கியே அதைக் குத்துகிறார்கள்.

மதுரைப் பக்கம் மூங்கில் ஊத்தாவுக்குப் பதிலாக, இரும்புக் கம்பி வளையத்தில் நைலான் வலை போர்த்திய ஊத்தாக்களும் இப்போது காணப்படுகின்றன. அவை இலகுவானவை, ஆனால் மோதும் மீனின் அதிர்வை மூங்கில் சிம்பு போலக் கைக்குக் கடத்துவதில்லை. அகப்படும் மீனும் மாறிவருகிறது. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, ஜிலேபி என்ற பெயரில் எங்கும் பரவிய திலாப்பியா இன்று பல கண்மாய்களில் மிகுந்து காணப்படுகிறது. வளர்ப்புக்குத் தடை விதிக்கப்பட்டிருந்தும் ஆப்பிரிக்கக் கெளுத்தி சில நீர்நிலைகளில் புகுந்துவிட்டது. அதுவும் காற்றைச் சுவாசிப்பது, பெரிதாக வளர்வது, பிற மீன்களின் குஞ்சுகளைத் தின்பது. விராலுக்குக் கோடையில் துணைநின்ற அதே உடலமைப்பு இந்த விருந்தாளிக்கும் இருப்பதால், வற்றும் கண்மாயின் கடைசி நீரில் விராலுக்குச் சரியான போட்டியாக அது நிற்கிறது.