ஒரு யூனிட்டும் ஒரு மணி நேரமும்

மின் கட்டணத்தில் 'யூனிட்' என்று கணக்குப் போடுகிறார்களே, அந்த ஒரு யூனிட்டின் வலு எவ்வளவு? 10 மீட்டர் ஆழக் கிணறு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி மின்சாரம் வீணானாலும் ஒரு யூனிட்டில் ஏறக்குறைய 18,000 லிட்டர் தண்ணீர் மேலே வந்துவிடும். 15 லிட்டர் குடத்தில் 1,200 குடம். நல்ல உடற்கட்டுள்ள ஓர் ஆள் 8 மணி நேரம் விடாமல் உழைத்தால்கூட அவர் தரும் வேலை அரை யூனிட்டைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்.

அந்த யூனிட்டை உண்டாக்கும் செலவும் இறங்கிவருகிறது. 2010-க்குப் பிந்தைய பத்தாண்டில் சூரிய மின்தகடுகளின் விலை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சரிந்தது. ஜெர்மனியிலும் தெற்கு ஆஸ்திரேலியாவிலும் வெயில் உச்சத்தில் மின்சாரத்தின் மொத்த விலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும் நேரங்கள் உண்டு. ஆற்றல் இப்படிக் கொட்டிக் கிடந்தால் மனிதர் எதற்காக உழைப்பார், எதைப் படைப்பார்? பதில் தேட எதிர்காலத்துக்குப் போக வேண்டாம். நம் ஊர்க் கிணற்றடியும் அடுப்படியும் போதும்.

கிணற்றடியில் நடந்தது

ஏற்றம் இறைத்த காலத்தில் மேலே ஏற்ற மரத்தில் ஆள் முன்னும் பின்னும் நடப்பார். கீழே நிற்பவர் நீர் மொண்டு வரும் சாலைப் பிடித்துக் கவிழ்ப்பார். எத்தனை சால் ஆயிற்று என்ற எண்ணிக்கை பாட்டிலேயே ஓடும். ஏற்றப்பாட்டு அலுப்பையும் மறக்கடித்தது, கணக்கும் வைத்துக்கொண்டது. பம்ப்செட் வந்ததும் அந்தப் பாட்டுக்கு வேலையில்லாமல் போயிற்று. நடவு, உலக்கை என்று உழைப்போடு பிறந்த பாட்டுகள் பலவற்றுக்கும் இதே கதிதான். அதற்காக யாரும் மறுபடி ஏற்றம் மிதிக்கப் போவதில்லை, போகவும் கூடாது. பாட்டு இனிமையானது, முதுகுவலி அப்படியல்ல.

1990 முதல் தமிழ்நாட்டில் எல்லா விவசாயிகளுக்கும் பாசன மின்சாரம் இலவசம். ஆற்றலுக்கு விலையே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் கண்முன் இருக்கும் உதாரணம் இது. சிறு விவசாயியின் சுமை குறைந்தது, உண்மை. ஆனால், மோட்டாரை நிறுத்தச் சொல்ல பில் வரவில்லை. மழைக் குறைவு, பணப்பயிர் என்று மற்றக் காரணங்களும் சேர, பல வட்டாரங்களில் கிணறு வற்றி, போர்வெல் நூற்றுக்கணக்கான அடிக்கு இறங்கியது. ஆற்றல் தாராளமானதும் தட்டுப்பாடு தண்ணீருக்கு இடம் மாறிவிட்டது. திறமையான நீராவி எந்திரம் வந்தால் நிலக்கரிச் செலவு குறையாது, கூடவே செய்யும் என்று இங்கிலாந்தில் பொருளியலாளர் ஜெவன்ஸ் 1865-லேயே எழுதினார். தாராளம் வந்த இடத்தில் ஆசையும் வளரும்.

அடுப்படியில் நடந்தது

ஆட்டுக்கல்லில் மாவாட்டுவது ஒரு கையால் குழவியைச் சுற்றி, மறு கையால் மாவைத் தள்ளிவிடும் வேலை. ஒரு நொடி கவனம் பிசகினால் விரல் நசுங்கும். அரிசியும் உளுந்தும் ஆட்டி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால்தான் பல கிராமத்து வீடுகளில் இட்லி என்றால் தீபாவளி, இல்லையென்றால் விருந்தாளி. கிரைண்டர் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. 2011-ல் தமிழ்நாடு அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறியை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியதும் ஏழை வீடுகளுக்கும் அந்த வசதி வந்தது.

மிச்சமான நேரம் எங்கே போனது? ஒரு பகுதி படிப்புக்கும் சம்பளத்துக்கும் போனது. இன்னொரு பகுதியை இட்லியே தின்றுவிட்டது: பண்டிகைப் பலகாரம் அன்றாடக் காலை உணவானது, சட்னியும் இரண்டு வகையானது. அமெரிக்க வீடுகளில் இதையே கண்டவர் வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன். துணி துவைக்கும் எந்திரம் வந்தபின் துணிகள் அடிக்கடி துவைக்கப்பட்டன. இல்லத்தரசியின் வேலை நேரம் பெரிதாகக் குறையவில்லை என்று 1983-ல் வெளிவந்த நூலில் காட்டினார்.

பொருளியலாளர் கெய்ன்ஸ் 1930-ல் எழுதிய கட்டுரையில், நூறு ஆண்டில் வாரத்துக்கு 15 மணி நேர உழைப்பே போதும் என்று கணித்தார். செல்வம் அவர் சொன்னபடி பெருகியது. ஓய்வு அந்த அளவுக்கு வரவில்லை. ஆற்றல் உழைப்பை மிச்சப்படுத்தும். மிச்சமானது யாருக்கு, எதற்கு என்பதை முதலாளியும் சந்தையும் வீட்டு வழக்கமும்தான் தீர்மானிக்கின்றன.

எதை விட்டுக்கொடுக்க மாட்டோம்?

கெய்ன்ஸுக்கு ஒரு கவலையும் இருந்தது: பாடுபட்டே பழகிய மனிதர் ஓய்வு கிடைத்தால் திகைத்துப் போவாரோ என்று. நம் வாசலில் அதற்கொரு பதில் உண்டு. கோலத்துக்கு ஸ்டிக்கர் வந்து பல ஆண்டாகிறது. ஒட்டினால் தினமும் குனிய வேண்டாம். ஆனாலும் மார்கழியில் விடியுமுன் எழுந்து, சாணம் தெளித்து, விரல்களுக்கிடையே மாவு நழுவ, புள்ளி பிசகாமல் இழையைச் சுற்றி முடிப்பவர்கள் இருக்கிறார்கள். மதியத்துக்குள் சைக்கிளும் செருப்பும் ஏறி அழிந்துவிடும் என்று தெரிந்தேதான். பக்கத்து வீட்டுக்காரி நின்று, "இது எத்தனை புள்ளி அக்கா?" என்று கேட்டால் அன்றைய கூலி கிடைத்தாயிற்று.

இந்த வேலைகளைப் பிரித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. எந்திரம் எடுத்துக்கொண்டால் 'அப்பாடா' என்போமா, 'அதை என்னிடம் கொடு' என்போமா? மாவாட்டுவதும் நீர் இறைப்பதும் முதல் வகை; அவற்றைத் தயங்காமல் தள்ளிவிடலாம். கோலம், பாட்டு, பேரனுக்குக் கதை சொல்வது, தச்சர் தன் வீட்டுக்கென்று இழைக்கும் பலகை இரண்டாம் வகை. ஆற்றல் பெருகப் பெருக, முதல் வகை சுருங்கும். இரண்டாம் வகை தானாக வளராது. அதற்கு நேரம் ஒதுக்க வேண்டும்.

அந்த நேரமும் எல்லாருக்கும் சமமாக வாய்ப்பதில்லை. கிரைண்டர் சுற்றும் அரை மணி நேரத்தில் அப்பா பேப்பர் படிக்கிறார், அம்மா வெங்காயம் உரிக்கிறாள் என்றால், அந்த வீட்டில் மின்சாரம் வந்திருக்கிறது. அம்மாவுக்கு நேரம் இன்னும் வரவில்லை.