பிக்கப்பைக் கொடுத்துக் கார் வாங்கலாமா?

மட்டக்களப்பு வாவியை அண்டி வாழும் எமது குடும்பங்கள் பலவற்றுக்கு வீடு ஒரு கரையில், வயல் மறு கரையில். 1990 இலும், 2004 ஆழிப்பேரலையின்போதும், 2006-2007 காலத்திலும் இடம்பெயர்ந்தோர் எல்லோரும் விட்டுச் சென்ற இடத்துக்கே திரும்பி வரவில்லை. எழுவான்கரையில் உறவினர் காணியில் ஒதுங்கியவர்களில் சிலர் அங்கேயே வீடு கட்டி இருந்துவிட்டார்கள். அவர்களது வயலோ படுவான்கரையில் கிடக்கிறது. விதைநெல்லும் பசளையும் அங்கே போக வேண்டும். விளைந்த நெல் அங்கிருந்து வர வேண்டும். இத்தகைய குடும்பத்துக்கு வாகனம் ஓர் ஆடம்பரப் பொருள் அல்ல; மண்வெட்டியைப் போல அதுவும் ஒரு தொழிற் கருவி.

சீட்டுப் பிடித்தும் நகையை அடைவு வைத்தும் பழைய பிக்கப் ஒன்றை, எம்மவர் 'கெப்' என்று சொல்லும் வாகனத்தை, வாங்கிய குடும்பங்கள் உண்டு. சங்கக் கூட்டங்களில் அவர்கள் கேட்கும் கேள்வி இதுதான்: "எங்கட கெப் டீசலக் குடிச்சே எங்கள முடிக்குது பாதர். இத வித்துப்போட்டு, லீட்டருக்குக் கூட ஓடுற சின்னக் கார் ஒண்டு எடுத்தா என்ன?"

கேள்வி நியாயமானது. ஆனால் 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரே சொல்லில் இதற்கு விடை சொல்லிவிட முடியாது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் முன்னோர் சொன்னார்கள். ஆகவே, அளந்து பார்ப்போம்.

2022 தந்த பாடம்

2021 டிசம்பரில் ஒரு லீட்டர் ஓட்டோ டீசல் 121 ரூபாவுக்கும், 92 ஒக்டேன் பெற்றோல் 177 ரூபாவுக்கும் விற்கப்பட்டன. டீசல் 56 ரூபா மலிவு. 'டீசல் வாகனம் என்றால் செலவு குறைவு' என்ற எண்ணம் இப்படித்தான் நம் மனதில் வேரூன்றியது. 2022 ஜூன் கடைசியில் டீசல் 460 ரூபாவாகவும் பெற்றோல் 470 ரூபாவாகவும் உயர்ந்தன. வித்தியாசம் வெறும் 10 ரூபா! டீசல் மலிவு என்று நம்பி வாகனம் வாங்கியவரின் கணக்கு ஆறே மாதத்தில் பொய்த்துப் போயிற்று.

விலையோடு துன்பம் முடியவில்லை. 2022 ஜூன் 27 நள்ளிரவு முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் வழங்கப்படும் என்று அரசாங்கம் அறிவித்தது. பின்னர் ஜூலையில் கியூ.ஆர். அட்டை முறை வந்தது. ஆரம்பத்தில் ஒரு வாரத்துக்குக் காருக்கு 20 லீட்டர், முச்சக்கர வண்டிக்கு 5 லீட்டர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீட்டர் என்று அளந்து கொடுத்தார்கள். 2023 செப்டெம்பர் முதலாந் திகதி அந்தக் கட்டுப்பாடு நீங்கியது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன? விலையும் கிடைக்கும் அளவும் எமது கையில் இல்லை. நமது கையில் இருப்பது ஒன்றே ஒன்று: எந்த வேலைக்கு எந்த வாகனத்தை எடுப்பது என்பது.

ஒரு குடும்பத்தின் மாதக் கணக்கு

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அவர்களது வாகனம் மாதம் 600 கிலோமீட்டர் ஓடுகிறது. அதில் 150 கிலோமீட்டர்தான் சுமை ஏற்றிய ஓட்டம். மிகுதி 450 கிலோமீட்டரும் ஓரிருவர் வங்கிக்கும், கமநல சேவை நிலையத்துக்கும், பிள்ளையின் பாடசாலைக்கும், வயல் பார்க்கவும் போய்வந்த ஓட்டம். பிக்கப் லீட்டருக்கு 10 கிலோமீட்டரும், சிறிய கார் 18 கிலோமீட்டரும், மோட்டார் சைக்கிள் 50 கிலோமீட்டரும் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். இந்த எண்கள் வாகனத்துக்கு வாகனம் வேறுபடும். உங்கள் வாகனத்தின் எண்ணை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலாவது வழி: எல்லாவற்றுக்கும் பிக்கப். மாதம் 60 லீட்டர் டீசல் தேவை. 2022 ஜூன் கடைசி விலையில் 27,600 ரூபா.

இரண்டாவது வழி: பிக்கப்பை விற்றுக் கார் வாங்குவது. 450 கிலோமீட்டருக்கு 25 லீட்டர் பெற்றோல். அதே விலையில் 11,750 ரூபா. ஆனால் சுமை ஏற்றும் 150 கிலோமீட்டருக்கும் லொறியோ உழவு இயந்திரமோ வாடகைக்குப் பிடிக்க வேண்டும். அந்த வாடகை இந்தத் தொகையில் சேரவில்லை.

மூன்றாவது வழி: பிக்கப்பைச் சுமைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற ஓட்டத்துக்குப் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பாவிப்பது. பிக்கப்புக்கு 15 லீட்டர், மோட்டார் சைக்கிளுக்கு 9 லீட்டர். மொத்தம் 24 லீட்டர். அதே விலையில் 11,130 ரூபா.

பார்த்தீர்களா? காரை வாங்கிச் சேமிக்க நினைத்ததை, காரே வாங்காமல் சேமிக்க முடிகிறது. சுமை ஏற்றும் பலமும் வீட்டிலேயே இருக்கிறது. டீசலைக் குடித்தது பிக்கப் அல்ல. ஒருவர் போகும் பயணத்துக்கும் பிக்கப்பை எடுத்த பழக்கமே குடித்தது.

மோட்டார் சைக்கிளில் எல்லாம் முடியுமா என்று தாய்மார் கேட்பார்கள். முடியாதுதான். மாரி மழையில் கைக்குழந்தையோடு போக முடியாது. நோயாளியை மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோக முடியாது. அப்படியான நாட்களில் பிக்கப்பை எடுங்கள். மாதம் 50 கிலோமீட்டர் கூடுதலாக அது ஓடினாலும் 5 லீட்டர்தான் செலவாகும். இரண்டாவது வாகனத்துக்கும் காப்புறுதியும் வருடாந்த அனுமதிப்பத்திரமும் உண்டு என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணில் ஒரு மயக்கம்

'லீட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்?' என்று கேட்பது நம் வழக்கம். இந்தக் கேள்வியே ஆளை மயக்கும் என்பதை அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்களான ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் ஆகிய இருவரும் 2008 இல் எடுத்துக்காட்டினார்கள். 10,000 கிலோமீட்டர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். லீட்டருக்கு 5 ஓடும் வாகனத்தை 10 ஓடுவதாக மாற்றினால் 1,000 லீட்டர் மிச்சம். 10 ஓடுவதை 20 ஆக மாற்றினால் மிச்சம் 500 லீட்டர்தான். இரண்டிலும் எண் இரட்டிப்பாகிறது. ஆனால் அதிகம் குடிக்கும் வாகனத்தின் ஓட்டத்தைக் குறைப்பதிலேதான் பெரிய சேமிப்பு இருக்கிறது. ஆகவே '100 கிலோமீட்டருக்கு எத்தனை லீட்டர்?' என்று கேட்கப் பழகுங்கள். பிக்கப்புக்கு 10 லீட்டர், காருக்கு ஐந்தரை லீட்டர், மோட்டார் சைக்கிளுக்கு 2 லீட்டர் என்று விடை தெளிவாக வரும்.

கணக்கில் எழுதப்படாத வரவு

பெரும்போக அறுவடை நாட்களில் எல்லோருக்கும் ஒரே கிழமையில்தான் வாகனம் தேவைப்படும். மழை இருட்டிக்கொண்டு வரும்போது ஈரநெல் வயலில் கிடந்தால், லொறியோடு வந்து நிற்கும் வியாபாரி சொல்வதுதான் விலை. சொந்த வாகனம் உள்ளவர் 'இந்த விலைக்குத் தரமாட்டேன்' என்று சொல்ல முடியும். நெல்லை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காயவைக்கலாம்; ஆலைக்குக் கொண்டுபோகலாம்; நெல் சந்தைப்படுத்தும் சபை கொள்வனவு செய்யும் காலமாயின் அங்கும் கொண்டுபோகலாம். மூடைக்கு 200 ரூபா கூடுதலாகக் கிடைத்தால் 60 மூடைக்கு 12,000 ரூபா. எரிபொருள் கணக்கை எழுதும்போது இந்த வரவையும் மறுபக்கத்தில் எழுத வேண்டும்.

பாதையையும் நினைவில் வையுங்கள். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தார் தோணிக்கும் பாதைப் படகுக்கும் காத்திருந்த காலம் போயிற்று. ஆனால் பெருந்தெருவை விட்டு வயல்வெளிக்குத் திரும்பும் கிரவல் பாதைகள் மாரியில் சேறாகும். 2011 ஜனவரி வெள்ளத்தை யார் மறப்பார்கள்? தரையோடு தாழ்ந்த சிறிய கார் அங்கே புதையும்.

விற்றால் திரும்ப வாங்க முடியுமா?

2009 இல் அமெரிக்க அரசாங்கம், அதிகம் எரிபொருள் குடிக்கும் பழைய வாகனத்தைக் கொடுத்துச் சிக்கனமான புதிய வாகனம் வாங்குவோருக்கு 3,500 அல்லது 4,500 டொலர் உதவி கொடுத்தது. ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் மட்டும் ஆறரை இலட்சத்துக்கு மேற்பட்ட வாகனங்கள் மாற்றப்பட்டன. கொடுக்கப்பட்டவற்றில் பிக்கப்புகள் ஏராளம். அவற்றின் இயந்திரங்களை இரசாயனக் கரைசல் ஊற்றி மீண்டும் இயங்காதபடி அழித்தார்கள். அங்கே மாற்றிய குடும்பத்துக்கு அரசாங்கம் கைகொடுத்தது. பின்னர் வேறு வாகனம் தேவைப்பட்டால் சந்தையும் இருந்தது.

நம் நாட்டின் நிலை வேறு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கான கதவு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. ஏறக்குறைய ஐந்து வருடம்! அந்தக் காலத்தில் பாவித்த வாகனங்களின் விலை எங்கே போனது என்பதை நீங்கள் அறிவீர்கள். அவசரப்பட்டு விற்றவர் அதே வாகனத்தை அதே விலைக்குத் திரும்ப வாங்க முடியவில்லை.

முடிவெடுக்குமுன் செய்ய வேண்டியவை

1. ஒரு கொப்பியை வாகனத்திலேயே வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒவ்வொரு ஓட்டத்தையும் எழுதுங்கள்: தூரம், போனவர் எத்தனை பேர், சுமை என்ன. மூன்று மாதத்துள் அறுவடை மாதம் ஒன்றாவது வரட்டும்.

2. லீசிங்கில் எடுத்த வாகனமானால் கடன் முடியும்வரை உரிமை கொம்பனிக்கே. எவ்வளவு கட்டினால் விடுவிப்பார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். காருக்குப் புதுக் கடன் எடுப்பதானால், மாதக் கட்டுப்பணம் சேமிக்கும் எரிபொருட் காசைவிடக் கூடினால் அது சேமிப்பு அல்ல.

3. அயலில் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரே ஓட்டத்தில் பசளையையும் விதைநெல்லையும் ஏற்ற முடியுமா என்று பேசுங்கள். டீசலைப் பங்கிடுங்கள். கூலிக்கு ஓடுவதானால் உங்கள் காப்புறுதி அதற்கு இடம் தருகிறதா என்று முதலில் பாருங்கள்.

4. கணவனும் மனைவியும் சேர்ந்து முடிவெடுங்கள். வாகனம் விற்ற காசு கைக்கு வந்தால் அதற்கு ஆயிரம் தேவைகள் முளைக்கும்.

காருக்கு மாறுவது சரியான குடும்பங்களும் உண்டு. வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டவர்கள், வருடத்தில் நாலைந்து நாள் மட்டும் சுமை ஏற்றுபவர்கள், ஓயாமல் பழுதாகும் இயந்திரத்தை வைத்திருப்பவர்கள் கொப்பியைப் பார்த்துவிட்டுத் தயங்காமல் மாற்றலாம். வயலை நம்பி வாழும் குடும்பமோ, 'இதை விற்றால் அடுத்த அறுவடைக்கு நெல்லை எதில் ஏற்றுவோம்?' என்ற கேள்விக்கு விடை காணும்வரை திறப்பைக் கைமாற்றாதிருப்பது நன்று.